மூன்று நொடிக்குள்

அப்பா என் முகத்தைப் பார்த்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கண் தெரிகிறது, காது கேட்கிறது, நாம் சொல்வதெல்லாம் புரிகிறது என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். போனது பேச்சும், வலது கையும் காலும்தான். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற பெண்ணைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டுத் தையல்நாயகி அக்காவைப் பார்க்கிறார். நான் உள்ளே போனால் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அந்தச் சுவரில் ஒரு ஆணியைத் தவிர ஒன்றும் கிடையாது.

தான் கூப்பிட்டும் மகள் வரவில்லை என்று நினைக்கிறார். அதில் பாதி உண்மையில்லை. மீதிப் பாதி அவருக்கே தெரியாது. இரண்டையும் நான்தான் சொல்ல வேண்டும். சொல்லாமலே பன்னிரண்டு நாள் ஓட்டிவிட்டேன்.

அப்பா தேவானந்தம், தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அம்மா போன பிறகு செம்பாக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறார். நான் பெரும்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். தம்பி ஜேசன் டப்ளினில் இருக்கிறான். எனக்கும் கல்யாணம் என்று ஒன்று நடந்து, முடிந்தும் விட்டது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அப்பா போனில் பேசுகிறவர் இல்லை, ரிங் கொடுக்கிறவர். நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு பிடித்த காலத்தில் தொடங்கிய பழக்கம். இப்போது நாள் முழுக்கப் பேசினாலும் ஒரே காசுதான் என்று சொன்னால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார், மறுநாளும் ரிங்தான் கொடுப்பார். ஒரு ரிங் அடித்து நின்றால், நன்றாக இருக்கிறேன், திரும்பக் கூப்பிடாதே என்று அர்த்தம். அப்படியே விட்டு விட்டு இரண்டு தடவை என்றால் நேரம் கிடைக்கும்போது கூப்பிடு. மூன்று என்றால் உடனே கிளம்பி வா. ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்து தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு ரிங் வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஸ்கூட்டி சாவியைக் கையில் எடுப்பேன்.

இந்தப் பழக்கம் தொடங்கிய பத்தொன்பது வருஷத்தில் மூன்று ரிங் வந்தது ஒரே ஒரு தடவை, அம்மா குளியலறையில் விழுந்த அன்று. இருபத்தைந்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தேன். கேட்டை அகலத் திறந்துவைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் கிளம்பினேனா என்று கேட்க மறுபடி அவர் கூப்பிடவே இல்லை. மூன்று ரிங் கொடுத்தாயிற்று, இனி வந்துவிடுவாள் என்பதுதான் அவர் கணக்கு.

இனி என் பிழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருங்குடியில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் லீடாக இருக்கிறேன். இன்டர்நெட் வழியாகப் பேசுகிற ஆப் ஒன்றைச் செய்கிறோம். பேசுவதற்கு அந்த ஆப்பைத் தனியாகத் திறந்து பெயரைத் தேட வேண்டியிருந்தது. அது பெரிய பேஜார் என்று, போனுக்குள்ளேயே அதைக் கலந்துவிடுகிற வேலையை ஆறு மாதமாகச் செய்தோம். போனில் எப்போதும் தொடுகிற பெயரைத் தொட்டால் போதும், கால் எங்கள் ஆப் வழியாகப் போய்விடும். எதிர்ப்பக்கம் பூட்டிக் கிடக்கிற போனிலும் சாதாரணக் கால் மாதிரியே மணியடிக்கும். போனின் சொந்தக் கால் பட்டியலிலேயே பதிவாகும். ஆப் ஒன்று நடுவில் இருப்பதே யாருக்கும் தெரியக்கூடாது, அதுதான் எங்களுக்கு இட்ட வேலை.

அதில் இரண்டு காரியம் செய்தோம். பெயரைத் தொட்டதும் எதிர்ப்பக்கம் போய்ச் சேர இரண்டு மூன்று நொடி ஆகும். அந்த நேரம் காதில் சத்தமே கேட்காவிட்டால், போகவில்லை என்று ஆட்கள் கட் பண்ணிவிடுகிறார்கள். அதனால் தொட்ட உடனே ரிங் போகிற சத்தத்தைக் கூப்பிடுகிறவர் போனுக்குள்ளேயே கொடுத்துவிட்டோம். இரண்டாவது, கை தவறிப் போகிற கால்கள். பாக்கெட்டில் கிடக்கிற போன் தானாக யாரையாவது கூப்பிட்டு, பார்த்தவர்கள் பதறித் திரும்பக் கூப்பிட்டு, தினமும் புகார். மூன்று நொடிக்குள் கட் ஆன காலைக் கை தவறியது என்று எடுத்துக்கொள்ளலாம், எதிர்ப்பக்கத்துக்கு அதைக் காட்டவே வேண்டாம் என்று முடிவு செய்தோம். யோசனையைச் சொன்னது நான்தான்.

மீட்டிங்கில் வெற்றிவேல் மட்டும் ஒரு கேள்வி கேட்டான். கோட் எழுதுகிற டீமுக்குத் தலைவன் அவன்.

"மேடம், மிஸ்டு கால் குடுக்குறவங்க என்ன பண்ணுவாங்க?"

"இந்தக் காலத்துல யாருப்பா மிஸ்டு கால் குடுக்குறாங்க?" என்று சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்று காலை எட்டு மணிக்கும் எனக்கு ஒரு ரிங் வந்திருந்தது. அது மிஸ்டு கால் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது அப்பா, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செம்பாக்கத்தில் சாப்பிட்டுவிட்டு அப்பாவின் போனை வாங்கினேன். எங்கள் ஆப்பை ஏற்றி, எந்தக் காலும் அதன் வழியாகவே போகும்படி மாற்றிவைத்தேன். வயதானவர் கையில் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசை.

"ரிங் போகுமாம்மா?" என்று கேட்டார்.

"எல்லாம் முன்ன மாதிரிதான்பா. ஒரு வித்தியாசமும் தெரியாது."

அவர் போனிலிருந்து என் போனுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். மணியடித்தது, எடுத்து ஹலோ சொன்னேன், அவரும் ஹலோ சொன்னார். ஒரு ரிங்கில் கட் பண்ணிப் பார்க்கவில்லை. பதினேழு வருஷமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன், அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன்.

பிறகு வழக்கமான சண்டை. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்றேன். "நான் இன்னும் படுத்துடல சுஜி" என்றார். நான் விடவில்லை. விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்றேன். "அப்ப கூப்பிடுறேன், வா" என்றார். அந்த நிதானம்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்பும். "இனிமே நானா கூப்பிட மாட்டேன்பா. நீங்களா பேசுற வரைக்கும் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். கேட் வரை வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ரிங் வரவில்லை. எட்டேகாலுக்கும் வரவில்லை. நான் கவனித்தேன். இதை மழுப்ப எனக்கு வழியே இல்லை, நன்றாகக் கவனித்தேன். வீம்பு பிடிக்கிறார், பிடிக்கட்டும், இரண்டு நாளில் தானாக வழிக்கு வருவார் என்று நினைத்தேன். கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். காலையில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தேன்.

ஒன்றேகாலுக்குத் தையல்நாயகி அக்கா சாதாரண போனில் கூப்பிட்டார். அக்காவின் குடும்பம் செம்பாக்கத்தில் வயல் வைத்திருந்தவர்கள். வயலெல்லாம் மனைகளாகி வாடகை வீடுகளாகிவிட்டது, அக்கா மட்டும் அப்படியே இருக்கிறார்.

"சுஜி, சீக்கிரம் வாம்மா. தண்ணி லாரி வந்துகீதுன்னு வாத்தியாரக் கூப்புடப் போனேன், கீழ கெடக்குறாரு. வாயி ஒரு பக்கமா இஸ்துகினுகீது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்."

நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு மணிக்கு ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். கேஸுவால்டியில் இருந்த டாக்டர், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். கடைசியாக அவரை யார், எப்போது நன்றாகப் பார்த்தது என்றார். நேற்று சாயங்காலம் என்றேன்.

"காலையில போன்ல பேசலையா?"

"இல்ல."

"ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம். நேரம் தெரியாம அதப் போட முடியாதும்மா. ரத்தக் கசிவு ஆயிடும்" என்றார். ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போடவில்லை.

மூன்றாம் நாள், அப்பாவின் சட்டை, கண்ணாடி, போன் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வராண்டாவில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். கால் பட்டியலில் என் பெயர்தான் மேலே இருந்தது. எங்கள் ஆப்பின் சின்ன அடையாளமும் பக்கத்தில் இருந்தது. திங்கள் காலை 8:02க்கு ஒன்று. 10:41க்கு இரண்டு. 10:42க்கு ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு நொடி. அழகாகப் பதிவாகியிருந்தது, நாங்கள் ஆறு மாதம் உழைத்ததே அப்படிப் பதிவாக வேண்டும் என்றுதான். என் போனை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை.

எட்டு மணிக்கு வழக்கம்போல ஒரு ரிங் கொடுத்திருக்கிறார். சண்டையை அவர் மனசில் வைத்துக்கொள்ளவே இல்லை. பத்து நாற்பத்தொன்றுக்குக் கை விளங்காமல் போகத் தொடங்கியதும் மூன்று ரிங் கொடுத்திருக்கிறார். மூன்றும் அவர் காதில் கேட்டிருக்கும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கீழே சரிகிற வரை எனக்காகக் காத்திருந்திருக்கிறார். டாக்டர் கேட்ட நேரம் அந்தப் போனிலேயே இருந்தது. இரண்டு மணிக்கு நான் அதைத் திறந்திருந்தால்கூடப் போதும். இதையெல்லாம் வரிசையாக யோசித்தேன். அழுகை வரவில்லை. கேன்டீனில் போய் ஒரு இட்லி சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை, இன்னொன்று வாங்கிச் சாப்பிட்டேன்.

வெற்றிவேலுக்குப் போன் செய்து அந்த மூன்று நொடி விதியை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"ஏன் மேடம், கம்ப்ளைண்ட் வந்துச்சா?"

"ஒருத்தர்கிட்டேருந்து."

"யாரு?"

"எங்கப்பா. ஆனா அவரால சொல்ல முடியாது" என்றேன். முழுதும் சொன்னேன். அவன் மீட்டிங்கில் கேட்ட கேள்வியை ஞாபகப்படுத்தவில்லை, அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. அடுத்த வெளியீட்டில் எடுத்துவிடலாம் என்றான்.

எட்டாம் நாள் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான் லீவு போட்டு அங்கேயே தங்கிவிட்டேன். துடைக்கிறேன், துணி மாற்றுகிறேன், கெட்டியாகக் கஞ்சி கரைத்து ஸ்பூனில் ஊட்டுகிறேன். எல்லாவற்றுக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டே ஒத்துழைக்கிறார். கடமைக்குச் செய்கிற நர்சிடம்கூட அப்படி இருக்க மாட்டார்கள். எனக்கும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. காலையில் எழுகிறேன், வேலையைச் செய்கிறேன், படுக்கிறேன்.

பதினொன்றாம் நாள் மத்தியானம் ஜேசன் வீடியோவில் வந்தான். போனை அப்பா முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"ஏன்ப்பா, கையிலதானே போன் இருந்துச்சு? அக்காவுக்கு ஒரு கால் பண்ணியிருக்கலாம்ல? இவ்ளோ பிடிவாதமா இருந்தா எப்டிப்பா?"

அப்பா வாயைத் திறந்தார். சத்தம் மட்டும் வந்தது. இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து மூன்று விரலைக் காட்டினார்.

"என்ன மூணு? மூணு மணிக்கா? மாத்திரையா?" என்றான் ஜேசன். ரிங் கணக்கு அவனுக்குத் தெரியாது, அது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் உள்ளது.

அப்பா விரலை இறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. நான் போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். தலைவலி என்று ஜேசனிடம் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அறை வாசலில் தையல்நாயகி அக்கா நின்றிருந்தார். "அது இன்னாம்மா மூணு வெரலு? எங்கிட்டயும் அப்டிதான் காட்டிகினேகீறாரு, ரெண்டு நாளா. எனக்கு ஒண்ணும் பிரியல. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியலக்கா" என்றேன். அப்பாவுக்குக் கேட்கும் என்று தெரிந்தே சொன்னேன். சொன்ன பிறகு எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவருக்கு மிச்சமிருந்தது அந்த மூன்று விரல்தான், அதையும் மடக்கிவிட்டேன்.

இன்று, பன்னிரண்டாம் நாள், உடற்பயிற்சிப் பெண் போனதும் நாற்காலியைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன். இனித் திரும்ப வேண்டுமென்றால் மறுபக்கம் திரும்ப வேண்டும், அதற்கு அவர் உடம்பு இடம் கொடுக்காது. கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா, நீங்க மூணு ரிங் குடுத்தீங்க. எனக்கு வரல."

கண் திறந்தது.

அவர் போனை எடுத்து அவர் இடது கையில் வைத்தேன். என் போனை அவர் மார்பின்மேல், அவருக்குத் தெரிகிற மாதிரி வைத்தேன். "என் பேரைத் தொடுங்க. ஒரு ரிங் கேட்டதும் எப்பவும் போல கட் பண்ணுங்க" என்றேன். கட்டைவிரல் இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை என் பெயரில் பட்டது. ரிங் போகிற சத்தம் கேட்டது. கட் பண்ணினார். என் போன் இருட்டாகவே கிடந்தது. அதைத் திறந்து கால் பட்டியலைக் காட்டினேன். இன்றைய தேதியில் எதுவும் இல்லை. அவர் போனைக் காட்டினேன். அதில் இருந்தது.

அவரே மறுபடி ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். கணக்கு வாத்தியார், ஒரு தடவை வந்த விடையை நம்ப மாட்டார். இரண்டாம் தடவையும் என் போன் அசையவில்லை.

"நீங்க கேட்ட ரிங் உங்க போனுக்குள்ளேயே அடிச்சதுப்பா. மூணு நொடிக்குள்ள கட் ஆனா கை தவறினதுன்னு விட்டுடணும்னு ஆபீஸ்ல சொன்னவ நான். ஞாயித்துக்கிழமை அதை உங்க போன்ல ஏத்துனதும் நான்தான். ரிங் வந்திருந்தா ஓடி வந்திருப்பேன்பா."

அப்பா என்னைப் பார்த்தார். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு நேராக, முழுசாகப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது, சிரிக்க முயல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. போனை விட்டுவிட்டு அந்த இடது கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டது. நல்ல பிடி. என் மகள் வேண்டுமென்று வராமல் இருக்கவில்லை, அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று அவர் மனசு சமாதானமாவதை நான் முகத்திலேயே பார்த்தேன். கம்பெனி, விதி, நொடி எதுவும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் கேட்க ஆளில்லை, ஆப் தலையில் எல்லாப் பழியையும் வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் எட்டு மணி எட்டு மணிதான். அப்போது ரிங் வராததை எந்த ஆப்பும் என்னிடமிருந்து மறைக்கவில்லை. அவர் பிடித்துக்கொண்டிருந்தது வேறு யாரோ ஒரு பெண்ணின் கையை என்று எனக்குத் தோன்றியது.

"இன்னொண்ணு இருக்குப்பா" என்றேன். "காலைல எட்டு மணிக்கு உங்க ரிங் வரலைங்கிறத நான் பார்த்தேன். பத்தொன்பது வருஷத்துல வராம இருந்ததே இல்ல. ஒரு போன் போட்டிருந்தா போதும். கோவத்துல போடல. நீங்களா எறங்கி வரட்டும்னு இருந்தேன். மத்தியானம் வரைக்கும் அப்டியே இருந்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்க முயன்ற உதடு பழைய இடத்துக்குப் போனது. பிறகு கையை எடுத்துக்கொண்டார். வெடுக்கென்று இழுக்க அவரால் முடியாது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து, மெல்ல நகர்த்தி, போர்வைக்கு அடியில் வைத்துக்கொள்ள நெடுநேரம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் கையை நீட்டியபடியே இருந்தேன். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு முதன்முறையாக எனக்கு உள்ளே வலித்தது, தாங்க முடியாமல் வலித்தது.

மணி ஒன்று. சமையலறைக்குப் போய்க் கஞ்சியைக் கரைத்து எடுத்து வந்தேன். தலைக்குக் கீழே இன்னொரு தலையணை வைத்து, கழுத்தில் துண்டைக் கட்டி, ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனேன். அப்பா ஸ்பூனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார். ஊட்டிவிட அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.